புனுகுப் பூனையே இல்லாமல் புனுகு வாசனை: கிரிவலம் போய் வாங்கும் ஜவ்வாதுக்குள் என்ன இருக்கிறது?

பௌர்ணமி கிரிவலத்துக்கு திருவண்ணாமலை போகிறவர்கள் விபூதி, குங்குமத்தோடு சேர்த்து வாங்கி வரும் பொருள்களில் ஜவ்வாதும் ஒன்று. சின்ன டப்பாதான். ஒரு சிட்டிகை தடவினால் வெகுநேரம் மணக்கும். பக்கத்திலேயே புனுகு, கஸ்தூரி, அத்தர் என்று குப்பிகளும் இருக்கும். "ஒரிஜினலா?" என்று கேட்டுத்தான் பலரும் வாங்குகிறார்கள். ஆனால், இந்த விஷயத்தில் ஒரிஜினல் என்பது நல்ல செய்தியா?

புனுகு எங்கிருந்து வருகிறது?

புனுகுப் பூனை என்று சொன்னாலும் அது பூனை இனம் கிடையாது, தனிக் குடும்பம். அதன் வாலுக்கு அடியில் உள்ள சுரப்பியில் ஊறும் பிசுபிசுப்பான பொருள்தான் புனுகு. அப்படியே முகர்ந்தால் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டியதுதான். வேறு பொருளில் துளியூண்டு கலந்தால்தான் அது மணமாக மாறும். 'சவ்வாது' என்ற சொல்லுக்கும் தமிழ் அகராதிகளில் புனுகு என்ற பொருள் உண்டு.

இதை எடுக்க, விலங்கைக் கூண்டில் அடைத்து, சுரப்பியைச் சுரண்டி எடுப்பார்கள். கஸ்தூரி கதை இன்னும் மோசம். அதற்காக கஸ்தூரி மான்கள் கொல்லப்பட்டன.

திருவண்ணாமலை தல புராணத்திலும் புனுகுப் பூனை வருகிறது. வச்சிராங்கத பாண்டியன் குதிரையில் ஏறி ஒரு புனுகுப் பூனையைத் துரத்துகிறான். உயிருக்குப் பயந்து ஓடிய அது மலையைச் சுற்றிவிடுகிறது. உடனே பூனைக்கும் குதிரைக்கும் சாபம் நீங்கி, இரண்டும் வித்யாதரர்களாகின்றன. துரத்திய மன்னனுக்கு மட்டும் பலன் இல்லை. அதன் பிறகே அவன் நடந்து கிரிவலம் வந்தான் என்கிறது புராணம்.

லேபுக்கு எப்படி வந்தது?

புனுகின் மணத்துக்கு முக்கியக் காரணம் 'சிவெட்டோன்' என்ற வேதிப்பொருள். 17 கார்பன் அணுக்கள் வளையமாகக் கோத்திருக்கும் இதன் அமைப்பை 1926-ல் கண்டறிந்தவர் விஞ்ஞானி லியோபோல்ட் ருசிக்கா. 1939-ல் வேதியியல் நோபல் பரிசு பெற்றவர்களில் இவரும் ஒருவர். அமைப்பு தெரிந்துவிட்டால் அதே பொருளைச் செயற்கையாகவும் செய்யலாம். பாமாயிலில் இருக்கும் கொழுப்பு அமிலங்களிலிருந்துகூட சிவெட்டோன் தயாரிக்க முடியும். விலங்கே தேவையில்லை.

உலகப் புகழ்பெற்ற 'ஷனெல் நம்பர் 5' சென்ட்டிலும் 1998 முதல் இயற்கைப் புனுகுக்குப் பதில் செயற்கைப் புனுகுதான்.

அப்போ ஒரிஜினல் கேட்கலாமா?

கேட்காமல் இருப்பதே நல்லது. புனுகுப் பூனையும் கஸ்தூரி மானும் 1972-ம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. அவற்றை வேட்டையாடுவதும், அவற்றிலிருந்து கிடைக்கும் பொருள்களை அனுமதியின்றி வாங்கி விற்பதும் குற்றம். "சுத்தமான கஸ்தூரி" என்று ஒருவர் நீட்டினால், ஒன்று அது பொய், அல்லது வாங்குபவருக்கும் சிக்கல்.

செயற்கை என்றால் ஆபத்தா?

எல்லாமே ஆபத்து என்றும் இல்லை, எல்லாமே பாதுகாப்பு என்றும் இல்லை. கஸ்தூரி வாசனைக்காக ஒரு காலத்தில் சேர்க்கப்பட்ட 'மஸ்க் அம்ப்ரெட்' என்ற செயற்கைப் பொருள், வெயில் பட்ட தோலில் ஒவ்வாமையை உண்டாக்கியதால் கைவிடப்பட்டது. அதேபோல, பூ, மூலிகை எண்ணெய்களில் இயற்கையாகவே இருக்கும் லினலூல், லிமோனின் போன்றவையும் காற்றுபட்டு மாறும்போது சிலருக்கு ஒவ்வாமை தரும். தோலுக்கு இயற்கை, செயற்கை என்ற வித்தியாசம் தெரியாது.

இன்னொரு விஷயம், நாம் போட்ட சென்ட் நமக்கே தெரியாமல் போவது. 2006-ல் வந்த 'மாலிக்யூல் 01' என்ற சென்ட்டில் வாசனைக்கு ஒரே ஒரு செயற்கைப் பொருள்தான். போட்டவருக்கு மணக்காது, பக்கத்தில் நிற்பவருக்கு மணக்கும் என்பதே அதன் புகழ். எந்த வாசனையும் சற்று நேரத்தில் மூக்குக்குப் பழகிவிடும். 'வாசனை போயிடுச்சு' என்று மறுபடி அடிக்கும்போது, நெரிசலில் பக்கத்தில் நடக்கும் ஆஸ்துமாக்காரருக்கு மூச்சுத் திணறலாம்.

என்ன கவனிக்க வேண்டும்?

* புதிதாக வாங்கியதை முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி, ஒரு நாள் பாருங்கள். அரிப்பு, சிவப்பு வந்தால் நிறுத்திவிடுங்கள்.
* தயாரிப்பாளர் பெயர், முகவரி, தேதி இல்லாத குப்பிகளைத் தவிருங்கள்.
* கைக்குழந்தைகளுக்குப் பூச வேண்டாம்.
* ஆல்கஹால் கலந்த ஸ்பிரே எளிதில் தீப்பிடிக்கும். அடித்தது நன்றாகக் காயாமல் விளக்கு, கற்பூரம் அருகே போகக் கூடாது.
* 14 கிலோமீட்டர் நடக்கும்போது வியர்வை, வெயில் எல்லாம் சேரும். எரிச்சல் தெரிந்தால் தண்ணீரில் கழுவுங்கள். தடிப்பு குறையவில்லை என்றால் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

கடையில் "இது ஒரிஜினல் புனுகா?" என்று கேட்பதைவிட, "இதில் என்ன சேர்த்திருக்கிறார்கள்?" என்று கேட்பதுதான் நமக்கும் நல்லது, புனுகுப் பூனைக்கும் நல்லது.