பழைய கார் இன்ஜினைப் பழுதுபார்க்கக் கற்பது எப்படி? தொடக்கநிலையாளர்கள் அறிய வேண்டியவை

இந்தியச் சாலைகளில் பல பத்தாண்டுகள் ஓடிய அம்பாசிடர் காரின் உற்பத்தி, மேற்கு வங்கத்தின் உத்தர்பாரா ஆலையில் 2014-ஆம் ஆண்டு மே மாதம் நிறுத்தப்பட்டது. மும்பையின் அடையாளமாக விளங்கிய பிரீமியர் பத்மினி டாக்சிகள் 2023-ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில் சேவையிலிருந்து விடைபெற்றன. ஆயினும், வீட்டில் நிற்கும் இத்தகைய காரைத் தாமே பழுதுபார்த்து ஓட்ட விரும்புவோர் இன்றும் உள்ளனர். அவர்கள் முதலில் கற்க வேண்டியது இன்ஜினைப் பிரிப்பதை அல்ல. அதை அளந்து சரிசெய்வதையே.

சட்டம் என்ன சொல்கிறது?

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021-ஆம் ஆண்டு ஜூலை மாதம் வெளியிட்ட விதிகளின்படி, முதல் பதிவு நாளிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த இருசக்கர, நான்கு சக்கர வாகனங்கள் 'விண்டேஜ்' வாகனங்களாகப் பதிவு பெறலாம். புதிய பதிவுக்கான கட்டணம் ரூ.20,000 ஆகும். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். ஆனால், வாகனம் அதன் அசல் வடிவில் இருக்க வேண்டும். அடிச்சட்டகம், உடற்பகுதி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்பட்டிருக்கக் கூடாது. எனவே, பழுது புரியாமல் வேறு இன்ஜினைப் பொருத்திவிட்டால் இத்தகுதியே கைநழுவக்கூடும்.

கற்பதற்கு ஏற்ற இன்ஜின்

பழைய அம்பாசிடரின் 1,489 சிசி பெட்ரோல் இன்ஜின், பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு வழி வந்தது. நான்கு சிலிண்டர்கள், எட்டு வால்வுகள், ஒரு கார்புரேட்டர், ஒரு டிஸ்ட்ரிபியூட்டர் ஆகியவையே இதன் முக்கிய உறுப்புகள். கணினிக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. பெரும்பாலான நட்டுகள் அங்குல அளவிலானவை. அவற்றில் மில்லிமீட்டர் ஸ்பேனரைப் பயன்படுத்தினால் நட்டின் முனைகள் மழுங்கிவிடும்.

வரிசை முக்கியம்

இன்ஜின் சீராக ஓடாதபோது, கார்புரேட்டர் திருகுகளை முதலில் திருகிப் பார்ப்பதே தொடக்கநிலையாளர்கள் செய்யும் தவறு. அதனைக் கடைசியாகவே தொட வேண்டும்.

முதலில் வால்வு இடைவெளி. எட்டு வால்வு கொண்ட இவ்வகை இன்ஜினுக்கு 'ஒன்பது விதி' உதவும். எட்டாவது வால்வு முழுமையாகத் திறந்திருக்கும்போது முதல் வால்வைச் சரிசெய்யலாம். ஆறாவது திறந்திருக்கும்போது மூன்றாவதைச் சரிசெய்யலாம். இரண்டின் கூட்டுத்தொகை எப்போதும் ஒன்பது. இன்ஜின் சூடாக இருக்கும்போது அளக்க வேண்டுமா, குளிர்ந்த பின் அளக்க வேண்டுமா என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, டிஸ்ட்ரிபியூட்டரில் உள்ள பாயிண்ட். இதன் இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம் வரை இருக்க வேண்டும். பீலர் கேஜ் கொண்டு இதை அளக்கலாம். பாயிண்ட் தேயத் தேய இடைவெளி குறையும், தீப்பொறியும் தாமதமாகும். ஆகவே இடைவெளியைச் சரிசெய்த பின்னரே தீப்பொறி நேரத்தைச் சரிசெய்ய வேண்டும். சிலிண்டர்கள் 1-3-4-2 என்ற வரிசையில் எரிவதால், கழற்றும் ஒவ்வொரு வயருக்கும் எண் ஒட்டுவது அவசியம்.

மூன்றாவது, ஸ்பார்க் பிளக். அதன் இடைவெளி 0.025 அங்குலம். பிளக்கின் முனை வெளிர் பழுப்பாக இருந்தால் எரிப்பு சீராக உள்ளது. கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் செல்கிறது. எண்ணெய்ப் பிசுபிசுப்பு இருந்தால் இன்ஜின் ஆயில் உள்ளே கசிகிறது.

பிரிக்கத்தான் வேண்டுமா?

இதற்கு விடை தருவது கம்ப்ரஷன் சோதனை. ஒரு சிலிண்டரில் மட்டும் அழுத்தம் குறைந்தால், அதில் சிறிதளவு இன்ஜின் ஆயில் விட்டு மீண்டும் அளக்க வேண்டும். அழுத்தம் உயர்ந்தால் பிஸ்டன் ரிங் அல்லது சிலிண்டர் சுவர் தேய்ந்துள்ளது. உயராவிட்டால் வால்விலோ ஹெட் கேஸ்கெட்டிலோ குறை இருக்கலாம். இந்தச் சில நிமிடச் சோதனை, தேவையின்றி முழு இன்ஜினையும் பிரிக்கும் செலவைத் தவிர்க்கும்.

பாதுகாப்பு

பணியைத் தொடங்கும் முன் பேட்டரி இணைப்பைத் துண்டிக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி காரின் அடியில் செல்லக் கூடாது. ஸ்டாண்டு வைத்த பின்னரே செல்ல வேண்டும். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்கக் கூடாது. தீப்பொறியைச் சோதிக்கும்போது அருகில் பெட்ரோல் இருக்கக் கூடாது. தற்போது விற்பனையாகும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய ரப்பர் குழாய்களைச் சிதைக்கக்கூடியது. எனவே நீண்டநாள் நின்ற காரில், எத்தனாலைத் தாங்கும் புதிய குழாய்களைப் பொருத்திய பின்னரே இன்ஜினை இயக்குவது நல்லது.

செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் நாள், அளவுடன் குறிப்பேட்டில் எழுதிவைக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். அப்போதுதான் இன்ஜின் எதனால் சரியானது, எதனால் கெட்டது என்பது விளங்கும். அனுபவமிக்க மெக்கானிக் ஒருவரிடம் அந்தக் குறிப்பேட்டுடன் சென்றால், அவரிடமிருந்து கற்பதும் எளிதாகும்.