எழுத்து அகப்பட்டது, அர்த்தம் எங்கே?

இன்ன இன்ன எழுத்துக்களைக் கொண்ட ஆங்கிலச் சொற்கள் யாவை என்று தேடித் திரட்டும் பழக்கம், மழைநாளில் வீட்டுக்குள் அடைபட்ட பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்ற நிலையைக் கடந்து, அரங்கு கூட்டிப் பரிசு வைத்து, தேசத்துக்குத் தேசம் ஆட்டக்காரர்களை அனுப்பி நடத்தும் பெரிய வித்தையாக வளர்ந்துவிட்டது. அதற்குக் காரணமான ஸ்கிராபிள் விளையாட்டு, 1930களின் பொருளாதார மந்தத்தில் உத்தியோகம் இழந்த அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஒருவர், பத்திரிகைகளின் பக்கங்களை எதிரில் விரித்து வைத்துக்கொண்டு, எந்த எழுத்து எத்தனை தரம் வருகிறது என்று பொறுமையோடு எண்ணி, அந்தக் கணக்கின்மேல் எழுப்பியது. 100 கட்டைகளில் ஈ என்ற எழுத்துக்கு 12 இடம் தந்த அவர், பன்மை விகுதியைச் சேர்த்துச் சுலபமாகச் சொல் பெருக்கிவிடக் கூடாதென்று எஸ் எழுத்தை நாலோடு நிறுத்தினார். இந்த ஒரு நுட்பத்திலிருந்தே அவர் மொழியின் நாடியைப் பிடித்துப் பார்த்தவர் என்பது விளங்கும்.

ஆட்டக்காரர் தம் முன்னுள்ள தாங்கியில் ஏழு கட்டைகளை அடுக்கியவுடன் செய்யும் முதற் காரியம், அவற்றை அகரவரிசைப்படி மாற்றி வைப்பதுதான். ஏ, ஈ, ஐ, என், ஆர், எஸ், டி என்ற ஏழும் அவ்வாறு வரிசையாக நின்றால், பழகிய கண்ணுக்கு அது வெறும் வரிசையன்று. பல அறைகளுக்குப் பொதுவான ஒரு வாசல். அந்த வாசலின் வழியே புகுந்தால், வைத்துக்கொள்ளுதல் என்ற பொருள் தரும் ரிடெய்ன்ஸ் அகப்படும். அதில் ஓரெழுத்து இடம் மாறினால், கண்ணின் உட்புறத்தில் உருவங்களை ஏற்கும் திரைகளாகிய ரெடினாஸ் வந்து நிற்கும். இன்னும் சற்றுக் கலைத்தால், பைன் மரப் பிசினின் மணம் கமழும் கிரேக்கத் திராட்சை மதுவான ரெட்சினா. மேலும் கலைத்தால், மெழுகுவத்திக்குப் பயன்படும் கொழுப்புப் பொருளான ஸ்டியரின். அருவருப்பு மிகுந்தது என்று சொல்லும் நாஸ்டியர். கண்ணும் கள்ளும் கொழுப்பும் அருவருப்பும் ஒரே ஏழு எழுத்துக்களின் வெவ்வேறு கோலங்களாய் அமைந்திருப்பதைக் காணும்போது, யாதொரு சம்பந்தமுமில்லாத வஸ்துக்களை ஒரு மொழி எவ்வளவு சிக்கனமாகப் பெயரிட்டுவிடுகிறது என்ற பிரமிப்பு உண்டாகாமல் போகாது. இந்தப் பிரமிப்புக்காகவே இந்த விளையாட்டைப் போற்றுகிறேன்.

அகரவரிசையில் எழுத்துக்களை அடுக்கும் உபாயம் நேற்று முளைத்ததன்று. சுருள்வில்லின் நீட்சி பற்றிய விதியைக் கண்டறிந்த ஆங்கிலேய விஞ்ஞானி, பிறர் அதைத் தமதென்று சொல்லிக்கொள்ளாதபடி, லத்தீன் வாக்கியமாக எழுதிய அந்த விதியின் 14 எழுத்துக்களையும் அகரவரிசைப்படி கலைத்து 1676இல் அச்சிட்டுவிட்டு, இரண்டாண்டு கழித்தே உண்மை வாக்கியத்தை வெளியிட்டார். எழுத்துக்களைக் கலைத்தவர் பொருளைக் காப்பாற்றுவதற்காகவே கலைத்தார் என்பதை இங்கே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

பின்னாளில் எழுத்துக்களோடு விளையாடும் வேட்கை பல வடிவங்களை எடுத்தது. ஐந்து உயிரெழுத்துக்களும் தலைகீழ் வரிசையில், ஒவ்வொன்றும் ஒரே தரம் வரும் சொல் உண்டா என்று தேடியவர்களுக்கு, நம் நாட்டைக் குறிக்க அடிக்கடி வழங்கும் சப்காண்டினென்டல் என்ற சொல்லே விடையாகக் கிடைத்தது. 1939இல் வெளிவந்த காட்ஸ்பி என்ற ஆங்கில நாவல், ஈ என்ற எழுத்தை அறவே நீக்கி, 50,000 சொற்களுக்கு மேல் எழுதப்பட்டது. அதன் ஆசிரியர், கை தவறியும் அந்த எழுத்து விழுந்துவிடாதபடி தட்டெழுத்து இயந்திரத்தில் அதன் கம்பியையே கட்டி வைத்துவிட்டாராம்.

இவ்வளவும் ரசிக்கத்தக்கவையே. ஆனால் இன்று பந்தய அரங்குகளில் நிகழும் ஒரு மாறுதல் என் மனத்தை மிகவும் உறுத்துகிறது. 2015ஆம் ஆண்டில், பிரெஞ்சு மொழியில் சாதாரணமாக உரையாடவும் பழகாத நியூசிலாந்து வீரர் ஒருவர், சில வாரங்கள் அகராதிச் சொற்களை மனப்பாடம் செய்து, பிரெஞ்சு ஸ்கிராபிளில் உலகப் பட்டம் வென்றார். 2024இல் ஸ்பானிய மொழியிலும் அவ்வாறே வென்றார். அவருடைய ஞாபக சக்தி அபூர்வமானது. அதற்குத் தலை வணங்க நான் தயங்கவில்லை. ஆயினும் ஒரு மொழியின் ஆயிரமாயிரம் சொற்களை உள்ளத்தில் ஏற்றிக்கொண்டும், அவற்றில் ஒன்றாலேனும் ஒரு பசியையோ பரிவையோ சொல்ல வேண்டிய அவசியமின்றி வெற்றி பெறலாம் என்று ஆகிவிட்டால், சொல் என்பது சொல்லாக இருக்கிறதா, எழுத்துக்களின் ஒரு கூட்டலாக மாறிவிட்டதா என்ற கேள்வி எழத்தான் செய்கிறது. சதுரங்கக் காய்க்கு அர்த்தம் தேவையா, இதுவும் அதுபோன்ற ஆட்டந்தானே என்று வாதிப்பவர்களும் உண்டு. சதுரங்கக் காயை எவரும் தாய் மடியில் கேட்டு வளர்ந்ததில்லை.

இந்தக் கவலையை இயந்திரம் இன்னும் பெரிதாக்கிவிட்டது. கணிப்பொறி ஒவ்வொரு சொல்லின் எழுத்துக்களையும் முன்கூட்டியே அகரவரிசைப்படுத்தி, ஒரே வரிசை வாய்ந்த சொற்களை ஒரு குடுக்கைக்குள் போட்டு வைத்திருக்கிறது. நாம் எழுத்துக்களைக் கொடுத்த மாத்திரத்தில் குடுக்கையைக் கவிழ்த்துவிடுகிறது. தேடுகிறவன் வழியிலே இடறி விழுந்து, வேண்டாத சொல்லொன்றைக் கண்டு, அது என்னவென்று அகராதியைப் புரட்டி, அதன் பூர்வோத்தரத்தை அறிந்து மகிழும் பாக்கியம் அதில் இல்லை. நம் சுருட்டு கடல் கடந்து செரூட் ஆகி ஆங்கிலத்தில் ஏழெழுத்துச் சொல்லாய்க் குடியேறியிருக்கிறது. ஏழு கட்டையையும் ஒருங்கே இறக்கியதற்கான 50 புள்ளி அதிகத்தை அதனால் ஈட்டும் இளைஞர்களில், அது புகைக்கும் வஸ்து என்றாவது அறிந்தவர் எத்தனை பேர் இருப்பார்கள்?

பந்தயத்தில் எதிராளி ஒரு சொல்லை ஆட்சேபித்தால், அதை விசைப்பலகையில் தட்டிப் பார்க்கிறார்கள். செல்லும், செல்லாது என்ற இரண்டிலொன்று திரையில் தோன்றுகிறது. உடனே அடுத்த ஆட்டம். வட அமெரிக்கப் பந்தயங்களுக்கென்று அச்சிடும் சொற்பட்டியலிலும் விளக்கம் இராது, சொற்கள் மட்டுமே நிரல் நிரலாக நிற்கும். இதை மாற்றுவதற்கு ஆட்ட விதி எதையும் திருத்த வேண்டியதில்லை. செல்லும் என்று காட்டும் அதே திரையில், அச்சொல்லின் அர்த்தத்தை ஒற்றை வரியில் காட்டினால் ஆட்டம் சில விநாடிகள் தாமதப்படும், அவ்வளவே. பள்ளிகளில் பிள்ளைகளுக்காக நடத்தும் போட்டிகளிலேனும் இந்த ஏற்பாட்டை அடுத்த ஆண்டு முதல் செய்துவிடலாம்.