வாதக் காய்ச்சலும் ஊசி நிறுத்தும் காலமும்

நோயுற்றவர் மருந்து உண்பதும், நோய் நீங்கியபின் அதனைக் கைவிடுவதும் உலக இயல்பு. ஆயினும் நலமடைந்த பின்னரும் ஆண்டுக்கணக்கில் மருந்தை வேண்டிநிற்கும் நோய்கள் சில உள. அவற்றுள் ஒன்று வாதக் காய்ச்சல். 5 முதல் 15 வயது வரையுள்ள சிறுவரையே இது பெரிதும் பற்றும்.

தொண்டையிற் குடிகொள்ளும் ஒருவகை ஸ்திரெப்டோகொக்கஸ் கிருமியே இதற்கு மூலம். தொண்டைநோவு ஆறி இரண்டு மூன்று வாரங்கள் சென்றபின், கிருமியை எதிர்த்தெழுந்த உடலின் காப்பாற்றலே மூட்டுகளையும் இருதய வால்வுகளையும் தாக்குகின்றது. மூட்டு வீக்கம் தடயமின்றி மறையும். வால்வின் வடுவோ நிலைத்தும் விடலாம். நோய் மீளுந்தோறும் அவ்வடு பெருகும். அட்டன், நுவரெலியாத் தோட்டங்களில் ஆங்கிலேயர் காலத்தெழுந்த லயன்களில், ஒரே காம்பராவில் குடும்பம் முழுவதும் உறங்க நேர்கின்றது. இக்கிருமி பரவத் துணைசெய்வது அந்நெருக்கமே.

மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கொருமுறை ஏற்றப்படும் பென்சதீன் பெனிசிலின் ஊசி பழைய வடுவை அழிப்பதன்று, மறுதாக்குதலைத் தடுப்பது. உகண்டாவில் வெளிப்படாத வால்வு நோயுடைய 818 சிறுவரிடை நடந்த ஆய்வின் முடிவு 2021இல் வெளியாயிற்று. ஈராண்டு முடிவில் ஊசி பெற்றோருள் 3 பேருக்கும், பெறாதோருள் 33 பேருக்கும் நோய் முற்றியிருந்தது.

அங்ஙனமாயின் எப்பொழுது நிறுத்தலாம்? உலக சுகாதார நிறுவனம் 2004இல் வெளியிட்ட அறிக்கை மூவகை எல்லை வகுத்தது. இருதயம் தாக்கப்படாதவருக்கு, இறுதித் தாக்குதலிலிருந்து 5 ஆண்டு அல்லது 18 வயது. சிறிதளவு தாக்கப்பட்டவருக்கு 10 ஆண்டு அல்லது 25 வயது. இவ்விரண்டிலும் பிந்தியதே எல்லையாகும். வால்வு கடுமையாகப் பழுதுற்றவருக்கு ஊசி வாழ்நாள் முழுவதும் வேண்டும். வயது ஏற ஏற மறுதாக்குதல் அருகுதலே இவ்வகுப்பிற்குக் காரணம்.

பிள்ளை ஓடியாடித் திரிகின்றது, ஊசியோ வலிக்கின்றது, அதன்பொருட்டுத் தாய் ஒருநாட் சம்பளத்தையும் இழக்கின்றாள். ஆதலின் ‘இனி எதற்கு?’ என்ற எண்ணம் எழுதல் இயல்பே. மேலும், பதினாறு பதினேழு வயதில் மலையக இளைஞர் பலர் கடைவேலைக்கெனக் கொழும்பு செல்வர். ஊசி தொடரவேண்டிய பருவமும் அதுவே. ஊர் மாறினும் மருத்துவக் குறிப்பட்டை உடன்செல்லல் வேண்டும். நலமாயிருக்கும் உணர்வு நிறுத்தற்காலத்தைத் தீர்மானித்தலாகாது. ஆண்டுக் கணக்கும் மருத்துவரின் இருதயப் பரிசோதனையுமே தீர்மானித்தல் வேண்டும்.

நோயாளி, மருத்துவர், மருந்து என்பவற்றோடு துணைநிற்போரையும் மருத்துவத்தின் நான்காம் கூறாக வள்ளுவர் வைத்தார். மலைநாட்டில் அந்நான்காம் இடம் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் உரியது. ஊசிநாளை நினைவூட்டும் ஒரு சொல்லும் ஓர் இருதயத்தைக் காக்கவல்லது.