விசையுந்து வளைவுத்திறன்

விசையுந்து வளைவுத்திறன் என்பது ஒரு விசையுந்து (மோட்டார் சைக்கிள்) சாலை வளைவு ஒன்றை எவ்வளவு வேகமாகவும் உறுதியாகவும் கடக்க வல்லது என்பதைக் குறிக்கும். பொறியின் ஆற்றல் கூடக்கூட வளைவில் செல்லும் வேகமும் கூடும் என்பது பரவலான எண்ணம். ஆனால் வளைவின் நடுப்பகுதியில் ஒரு வண்டியின் உச்ச வேகத்தைத் தீர்மானிப்பவை டயரின் பிடிப்பு, வளைவின் ஆரம், வண்டி சாயக்கூடிய கோணம் ஆகியவையே. பொறியின் ஆற்றல் அன்று. 1000 சிசி அளவுள்ள விளையாட்டு வகை விசையுந்துகள் வளைவுக்கு முன்னும் பின்னும் நேரத்தை ஈட்டுகின்றன. 150 முதல் 300 சிசி வரையிலான சிறிய விசையுந்துகள் வளைவுக்குள் வேகத்தை இழக்காமல் செல்வதன் மூலம் அக்குறையை ஓரளவு ஈடுசெய்கின்றன.

இயற்பியல் அடிப்படை

வளைவில் செல்லும் எந்தப் பொருளுக்கும் வளைவின் மையத்தை நோக்கிய விசை தேவை. விசையுந்தில் இவ்விசையைச் சாலைக்கும் டயருக்கும் இடையிலான உராய்வு தருகிறது. இவ்விசை வண்டியை வெளிப்புறமாகக் கவிழ்த்துவிடாமல் இருக்க, ஓட்டுநர் வண்டியை உட்புறமாகச் சாய்க்க வேண்டும். தேவையான சாய்வுக் கோணத்தைப் பின்வரும் தொடர்பு தருகிறது.

சாய்வுக் கோணத்தின் தொடுகோட்டு விகிதம் (டேன்) = வேகத்தின் வர்க்கம் ÷ (புவியீர்ப்பு முடுக்கம் × வளைவின் ஆரம்)

இத்தொடர்பில் வண்டியின் நிறை இடம்பெறவில்லை. நிறை கூடினால் தேவைப்படும் மையநோக்கு விசை கூடுகிறது. டயரைச் சாலையில் அழுத்தும் விசையும் அதே விகிதத்தில் கூடுகிறது. எனவே 130 கிகி வண்டியும் 260 கிகி வண்டியும் ஒரே வளைவில் ஒரே வேகத்தில் செல்ல ஏறத்தாழ ஒரே அளவு சாய வேண்டும்.

எடுத்துக்காட்டாக, 50 மீட்டர் ஆரமுள்ள வளைவை 60 கிமீ/மணி வேகத்தில் கடக்கச் சுமார் 30 பாகை சாய்வு தேவை. அதே வளைவில் 70 கிமீ/மணி வேகத்துக்குச் சுமார் 38 பாகையும், 80 கிமீ/மணி வேகத்துக்குச் சுமார் 45 பாகையும் வேண்டும். 45 பாகை சாய்வுக்கு உராய்வுக் கெழு குறைந்தது 1 ஆக இருக்க வேண்டும். உலர்ந்த நல்ல சாலையில் சூடேறிய தரமான டயரால் இது இயலும். ஈரச் சாலையிலும் மணல் படிந்த சாலையிலும் இயலாது. பொறி எவ்வளவு பெரியதாக இருப்பினும் இவ்வெல்லை மாறாது.

டயரின் பங்கு

மேற்கண்ட கணக்கு டயரைத் தடிப்பற்ற தகடாகக் கொண்டது. உண்மையில் டயருக்கு அகலம் உண்டு. வண்டி சாயும்போது, டயர் சாலையைத் தொடும் இடம் நடுவிலிருந்து சாயும் பக்கமாக நகர்கிறது. இதனால் அகன்ற டயர் உள்ள வண்டி அதே வேகத்துக்குச் சற்றுக் கூடுதலாகச் சாய வேண்டியுள்ளது.

கவாசாக்கி நிஞ்சா 250ஆர் வண்டியின் பின் டயர் 130 மிமீ அகலமும், யமாகா ஆர்1 வண்டியின் பின் டயர் 190 மிமீ அகலமும் கொண்டவை. ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 60 செமீ உயரத்தில் இருப்பதாகவும், டயரின் குறுக்குவெட்டு வட்டமாக இருப்பதாகவும் கொண்டால், கோட்பாட்டின்படி 45 பாகை போதுமான இடத்தில் முதல் வண்டி சுமார் 5 பாகையும், இரண்டாவது வண்டி 7 முதல் 8 பாகை வரையும் மிகுதியாகச் சாய வேண்டும். இரு வண்டிகளின் முன் டயர்களும் ஏறத்தாழ ஒரே அகலமானவை என்பதால் நடைமுறையில் இவ்வேறுபாடு குறையும்.

மறுபுறம், அகன்ற டயர் பெரும் ஆற்றலைச் சாலைக்குக் கடத்த உதவுகிறது. பெரிய விளையாட்டு விசையுந்துகள் பொதுவாக மென்மையான ரப்பரால் ஆன ரேடியல் டயர்களுடனும், சரிசெய்யக்கூடிய அதிர்வுதாங்கிகளுடனும் விற்கப்படுகின்றன. சிறிய வண்டிகளில் விலையும் தேய்மானமும் கருதிக் கடினமான டயர்களே பெரும்பாலும் பொருத்தப்படுகின்றன. எனவே கடையிலிருந்து வந்த நிலையில் ஒப்பிட்டால், பிடிப்பின் உச்ச எல்லை பெரிய வண்டிக்கே உயர்வாக இருக்கக்கூடும். ஒரே தரமான டயர்களைப் பொருத்தினால் இவ்வேறுபாடு பெரிதும் மறைகிறது.

சாய்க்கும் விரைவு

நிறை சாய்வுக் கோணத்தை மாற்றாவிட்டாலும், அக்கோணத்தை எட்டுவதற்கு ஆகும் நேரத்தை மாற்றுகிறது. எடை மிகுந்த வண்டிக்கு நிலைமத் திருப்புத்திறன் மிகுதி. எனவே அதைச் சாய்க்கவும், இடப்பக்கச் சாய்விலிருந்து வலப்பக்கச் சாய்வுக்கு மாற்றவும் கூடுதல் விசை தேவைப்படுகிறது. அடுத்தடுத்து எதிர்த் திசைகளில் திரும்பும் இரட்டை வளைவுகளில் சிறிய வண்டிகளின் மேம்பாடு இதனாலேயே தெளிவாகப் புலப்படுகிறது.

சுழலும் சக்கரங்களின் கோண உந்தமும் சாய்வு மாற்றத்தை எதிர்க்கிறது. வேகம் கூடும்போது இவ்வெதிர்ப்பும் கூடும். பொறியின் வணரித்தண்டும் இதற்குப் பங்களிக்கிறது. இதைக் குறைக்கச் சில வண்டிகளில் வணரித்தண்டு சக்கரங்களுக்கு எதிர்த் திசையில் சுழலுமாறு அமைக்கப்படுகிறது. 2018 ஆம் ஆண்டு மாதிரியாக வெளிவந்த டுகாட்டி பனிகாலே வி4 இதற்கு எடுத்துக்காட்டாகும்.

மெதுவேகம் தவிர்ந்த நிலைகளில் விசையுந்து எதிர்த்திருப்பல் முறையிலேயே சாய்க்கப்படுகிறது. வலப்பக்கம் திரும்ப வேண்டுமெனில் ஓட்டுநர் வலக் கைப்பிடியை முன்னோக்கித் தள்ளுகிறார். முன் சக்கரம் கணநேரம் இடப்பக்கம் திரும்ப, வண்டி வலப்பக்கம் சாய்கிறது. பெரிய வண்டியில் இத்தள்ளுதலுக்கு மிகுந்த விசை தேவைப்படுவதால், பழக்கமற்ற ஓட்டுநர் அதைத் 'திரும்ப மறுக்கும் வண்டி' என உணர்கிறார்.

வடிவமைப்பு ஒப்பீடு

முன் பின் சக்கர அச்சுகளுக்கு இடையிலான தூரம் குறைவாக இருந்தால் வண்டி எளிதில் திரும்பும். மிகுதியாக இருந்தால் நேர்ப்பாதையில் நிலைத்தன்மை கூடும். சில வண்டிகளின் அளவுகள் பின்வருமாறு:

- யமாகா ஆர்15 (2008): 149 சிசி, எரிபொருளுடன் எடை 131 கிகி, அச்சிடைத் தூரம் 1290 மிமீ
- கவாசாக்கி நிஞ்சா 250ஆர் (2008): 249 சிசி, எடை சுமார் 170 கிகி, அச்சிடைத் தூரம் 1400 மிமீ
- யமாகா ஆர்1 (2015): 998 சிசி, எடை 199 கிகி, அச்சிடைத் தூரம் 1405 மிமீ
- சுசுக்கி அயபுசா (2021): 1340 சிசி, எடை 264 கிகி, அச்சிடைத் தூரம் 1480 மிமீ

250 சிசி வண்டிக்கும் 998 சிசி வண்டிக்கும் அச்சிடைத் தூரத்தில் 5 மிமீ வேறுபாடே உள்ளது. ஆகவே 'பெரிய வண்டி' என்பது ஒரே வகை அன்று. ஆர்1 பந்தயத் தடத்தை மனதிற்கொண்டு வடிவமைக்கப்பட்டது. அயபுசா நெடுஞ்சாலையில் மிகுவேக நிலைத்தன்மையை நோக்கமாகக் கொண்டது. இரண்டுக்கும் இடையிலான வளைவுத்திறன் வேறுபாடு, பொறி அளவை மட்டும் பார்ப்பவருக்குப் புலப்படாது.

ஆற்றலும் பாதையும்

ஒரு டயர் தரக்கூடிய மொத்தப் பிடிப்பு வரம்புக்கு உட்பட்டது. திரும்புதல், முடுக்குதல், பிரேக் பிடித்தல் ஆகிய மூன்றும் அதே வரம்பைப் பகிர்ந்துகொள்கின்றன. வண்டி முழுமையாகச் சாய்ந்திருக்கும்போது திரும்புதலுக்கே பெரும்பகுதி செலவாகிவிடுகிறது. அந்நிலையில் 200 குதிரைத்திறன் வண்டியின் ஆக்சிலரேட்டரைச் சிறிது மிகையாகத் திருகினாலும் பின் சக்கரம் வழுக்கக்கூடும். வழுக்கிய சக்கரம் திடீரென மீண்டும் பிடிப்பைப் பெற்றால், ஓட்டுநர் வண்டிக்கு மேலாகத் தூக்கி எறியப்படுவதும் உண்டு. 17 குதிரைத்திறன் கொண்ட வண்டியில், உலர்ந்த சாலையில் இது நிகழ வாய்ப்பு மிகக் குறைவு.

இதன் விளைவாக இருவகை வண்டிகளும் வளைவில் வெவ்வேறு பாதைகளைப் பின்பற்றுகின்றன. சிறிய வண்டி இழந்த வேகத்தை மீட்க நெடுநேரம் ஆகும். எனவே அது சாலையின் முழு அகலத்தையும் பயன்படுத்தி, பெரிய ஆரமுள்ள வட்டப் பாதையில், வேகத்தைக் குறைக்காமல் செல்கிறது. ஆற்றல் மிகுந்த வண்டி தாமதமாகப் பிரேக் பிடித்து, சிறிய ஆரத்தில் விரைந்து திரும்பி, விரைவில் நிமிர்ந்து முடுக்குகிறது. அதாவது வளைவின் நடுவில் அது வேண்டுமென்றே வேகத்தைக் கைவிடுகிறது.

பெரிய வண்டி அடுத்த வளைவை மிகுந்த வேகத்தில் அடைவதால் அதன் பிரேக்குகளின் வேலையும் கூடுகிறது. 100 கிமீ/மணி வேகத்திலிருந்து 60 கிமீ/மணிக்குக் குறைப்பதைவிட, 160 கிமீ/மணியிலிருந்து 60 கிமீ/மணிக்குக் குறைக்கும்போது நீக்க வேண்டிய இயக்க ஆற்றல், ஒரே நிறையுள்ள வண்டிக்கே சுமார் 3.4 மடங்கு ஆகும்.

பந்தயங்களில்

உலக விசையுந்துப் பந்தயத் தொடரில் 2012 ஆம் ஆண்டு 250 சிசி பொறி கொண்ட மோட்டோ3 பிரிவு தொடங்கப்பட்டது. அதே ஆண்டில் மோட்டோஜிபி பிரிவின் பொறி அளவு 800 சிசியிலிருந்து 1000 சிசியாக உயர்த்தப்பட்டது. இத்தாலியின் முசெல்லோ தடத்தில் 2023 ஆம் ஆண்டு பிராட் பிண்டர் மோட்டோஜிபி வண்டியில் 366.1 கிமீ/மணி வேகத்தை எட்டினார். அங்கு மோட்டோ3 வண்டிகளின் உச்ச வேகம் ஏறத்தாழ 240 கிமீ/மணி அளவிலேயே உள்ளது. நேர்ப்பாதையில் காணப்படும் இப்பெரும் இடைவெளி, அத்தடத்தின் 15 வளைவுகளில் வெகுவாகச் சுருங்குகிறது.

மான் தீவில் 60.7 கிமீ நீளமுள்ள பொதுச்சாலைத் தடத்தில் நடைபெறும் டிடி பந்தயம் மற்றொரு சான்றாகும். 2023 ஆம் ஆண்டு பீட்டர் இக்மன் 1000 சிசி வண்டியில் ஒரு சுற்றைச் சராசரியாக 219.4 கிமீ/மணி வேகத்தில் முடித்தார். அதே ஆண்டில் மைக்கேல் டன்லப் 600 சிசி வண்டியில் எட்டிய சராசரி வேகம் 209.9 கிமீ/மணி ஆகும். ஆற்றலில் ஒன்றரை மடங்குக்கு மேற்பட்ட வேறுபாடு இருந்தும், சராசரி வேகத்தில் 5 விழுக்காட்டுக்கும் குறைவான வேறுபாடே ஏற்பட்டது.

மின்னணு உதவிகள்

2013 ஆம் ஆண்டு பாஷ் நிறுவனம் வண்டியின் சாய்வுக் கோணத்தை அளந்து, அதற்கேற்பப் பிரேக் விசையைக் கட்டுப்படுத்தும் அமைப்பை அறிமுகப்படுத்தியது. இவ்வகை அமைப்புகளும் இழுவைக் கட்டுப்பாடும் பெரிய விசையுந்துகளை வளைவில் கையாள்வதை எளிதாக்கியுள்ளன. எனினும் இவை ஓட்டுநரின் மிகையான செயலைக் குறைக்கின்றனவே அன்றி, டயரின் பிடிப்பைக் கூட்டுவதில்லை. அளவுக்கு மீறிய வேகத்தில் வளைவுக்குள் நுழைந்த வண்டியை இவற்றால் மீட்க இயலாது.

பொதுச்சாலையும் பாதுகாப்பும்

1981 ஆம் ஆண்டு ஆரி அர்ட் தலைமையில் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆய்வு, லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 900 விசையுந்து விபத்துகளை நேரில் ஆராய்ந்தது. அவற்றுள் சுமார் கால் பங்கு வேறு வாகனம் தொடர்பற்றவை. அத்தகைய விபத்துகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக்கு ஓட்டுநரின் பிழையே காரணமாக இருந்தது. மிகையாகப் பிரேக் பிடித்து வழுக்கி விழுதலும், மிகுவேகத்தாலோ போதுமான அளவு திருப்பாததாலோ வளைவின் வெளிப்புறம் ஓடிவிடுதலும் இப்பிழைகளில் முதன்மையானவை.

போதுமான அளவு திருப்பாமை என்பது இங்குக் கவனத்திற்குரியது. சாலையில் ஓடும் விளையாட்டு விசையுந்துகள் பல, உலர்ந்த சாலையில் 45 பாகைக்கும் மேல் சாய வல்லவை. புதிய ஓட்டுநர் பலர் அதில் பாதியளவு சாய்ந்ததுமே அஞ்சுகின்றனர். வண்டியை மேலும் சாய்த்தால் கடந்துவிடக்கூடிய வளைவில், அச்சத்தால் பிரேக்கை அழுத்தி நிமிர்ந்து, எதிர்த்தடத்துக்கோ சாலைக்கு வெளியேயோ செல்கின்றனர். ஆற்றல் மிகுந்த வண்டி ஒவ்வொரு வளைவையும் கூடுதல் வேகத்தில் அடைவதால், இப்பிழையைத் திருத்தக் கிடைக்கும் நேரமும் குறைகிறது.

இக்காரணத்தால் சில நாடுகள் படிநிலை உரிமத்தைப் பின்பற்றுகின்றன. 2013 சனவரி 19 முதல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றிய விதிகளின்படி ஏ1 உரிமம் 125 சிசி, 11 கிலோவாட் வரையிலும், ஏ2 உரிமம் 35 கிலோவாட் வரையிலும் அனுமதிக்கின்றன. ஏ உரிமத்துக்கு ஆற்றல் வரம்பு இல்லை. இந்தியாவில் இத்தகைய பிரிவு இல்லை. 150 சிசி வண்டிக்கும் 1000 சிசி வண்டிக்கும் ஒரே உரிமமே வழங்கப்படுகிறது.

சிறிய வண்டியில் பழகும் ஓட்டுநர் வளைவுக்கு முன்பே வேகத்தைச் சரிசெய்யவும், செல்ல வேண்டிய திசையில் பார்வையை வைக்கவும், வண்டியின் சாய்வை நம்பவும் கற்றுக்கொள்கிறார். இத்திறன்கள் பெரிய வண்டிக்கும் அப்படியே பொருந்தும். பெரிய வண்டியில் தொடங்குபவர், வளைவில் இழந்த வேகத்தை நேர்ப்பாதையில் எளிதில் மீட்டுக்கொள்ள முடிவதால், தம் வளைவோட்டக் குறைகளை நெடுங்காலம் அறியாமலே இருக்கக்கூடும்.