ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி பன்னிரண்டு நாள்

போன ஜூனில் மகளை எல்கேஜியில் சேர்த்தோம். அப்போது அவளுக்கு நான்கு வயது நிறைய இரண்டு மாதம் இருந்தது. முதல் நாள் சில பிள்ளைகள் கூரை அதிர அழுதார்கள்; சிலர் பையை வீசிவிட்டுப் பொம்மையைத் தேடி ஓடினார்கள். இவள் இரண்டும் செய்யவில்லை. ஜன்னலோரம் போய், கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். பன்னிரண்டு பள்ளி நாள் அப்படியே நின்றாள். பாட்டுக்கு வாய் திறக்கவில்லை, வட்டத்தில் வந்து உட்காரவில்லை. "வீட்டுல பேசுவாளா?" என்று மிஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்.

வீட்டில் அவள் வாய் ஓய்ந்தால்தானே! ஸ்கூட்டரில் ஏறியதுமே ஆரம்பித்துவிடுவாள். எந்தப் பையனின் தண்ணீர் பாட்டில் மூடி தொலைந்தது, மிஸ் இன்றைக்கு என்ன கலர் பொட்டு வைத்திருந்தார், யார் டிபன் பாக்ஸில் நேற்றும் இட்லி இன்றும் இட்லி, எல்லாம் வரும். சாயங்காலமானால் வீட்டில் இருக்கிற செருப்பையெல்லாம் சுவரோரம் வரிசையாக அடுக்குவாள். ஒவ்வொரு ஜோடியும் ஒரு பிள்ளை. ஆச்சியின் ரப்பர் செருப்புதான் தினமும் அழுகிற பையன். அவள் அப்பாவின் ஷூ சேட்டைக்காரன். அதை மட்டும் தன் பக்கத்தில் உட்கார்த்திக்கொள்வாள். வகுப்பில் ஒரு வரி பாடாதவள், செருப்புகளுக்கு முழுப் பாட்டையும் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொடுத்தாள். கதவு மறைவில் நின்று அதைக் கேட்ட அன்றைக்கு எனக்குக் கண் கலங்கிவிட்டது. கம்பியைப் பிடித்து நின்ற நேரமெல்லாம் பிள்ளை பாடம் படித்திருக்கிறாள்.

பதின்மூன்றாம் நாள், யாரும் கூப்பிடாமலே போய் அந்த அழுகிற பையன் பக்கத்தில் உட்கார்ந்தாளாம்.

இவள் சுபாவம் எனக்குப் புரிந்தது ஓர் ஆய்வைப் பற்றிப் படித்தபோதுதான். அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்ற மனநல மருத்துவத் தம்பதி 1956இல் நியூயார்க்கில் அதைத் தொடங்கினார்கள். கைக்குழந்தையாக இருக்கும்போதே பிள்ளைகளின் சுபாவத்தைக் குறித்துக்கொண்டு, அவர்கள் பெரியவர்களாகும் வரை தொடர்ந்து கவனித்தார்கள். அந்தப் பிள்ளைகளில் 40 சதவீதம் பேர் எதற்கும் எளிதாகப் பழகுகிறவர்கள். 10 சதவீதம் பேர் சமாளிக்கச் சிரமமானவர்கள். 15 சதவீதம் பேர் மெதுவாகப் பழகுகிறவர்கள். மீதிப் பேர் எதிலும் முழுதாக அடங்கவில்லை. மூன்றாவது வகையைப் பற்றிப் படித்தபோது என் மகளைத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று தோன்றியது. புதிய ஆள், புதிய இடம், புதிய சாப்பாடு எதுவானாலும் முதலில் ஓர் அடி பின்னால் போவார்கள். நெருக்காமல் விட்டால் நாலு தடவைக்குப் பிறகு தாங்களே வந்து சேர்வார்கள். ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோது கேழ்வரகுக் கூழை மூன்று நாள் நாக்கால் வெளியே தள்ளியவள், நாலாம் நாள் கிண்ணத்தைப் பிடித்து இழுத்தாள். அன்றைக்கே அவள் இப்படித்தான்.

சுபாவத்தை விட முக்கியம், அது சுற்றியிருப்பவர்களின் எதிர்பார்ப்போடு எப்படிப் பொருந்துகிறது என்பதே; இதுதான் அந்தத் தம்பதி வந்த முடிவு. நானும் அதைத்தான் நம்புகிறேன். "உம்மணாமூஞ்சி" என்று சொல்லிச் சொல்லியே ஒரு பிள்ளையை உம்மணாமூஞ்சி ஆக்கிவிட முடியும்.

இன்னொன்றும் கவனித்தேன். சட்டைப் பித்தானைத் தானே போடும்போது முணுமுணுப்பாள்: "இத உள்ள விடணும்... வரமாட்டேங்கு... இந்தா, வந்துட்டு!" 1934இல் மறைந்த ரஷ்ய உளவியலாளர் வைகோட்ஸ்கி இந்தத் தனிப்பேச்சைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். பிள்ளைகள் தங்கள் செயலைத் தாங்களே நடத்திக்கொள்ள இப்படிப் பேசுகிறார்கள், பின்னாளில் இதுவே உள்ளுக்குள் போய்ச் சிந்தனையாகிறது என்பது அவர் கருத்து. ஆகவே அவள் முணுமுணுக்கும்போது நான் கை கொடுக்கப் போவதில்லை. பள்ளிக்கு நேரமானாலும் சரி.

ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். வீட்டிலும் பேச்சில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, இரண்டு வயதாகியும் இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்லவில்லை என்றால் அதைச் சுபாவம் என்று விட்டுவிடக் கூடாது. குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

போன மாதம் ஒரு கல்யாண வீட்டுக்குப் போனோம். மண்டப வாசலில் மேளச் சத்தம் கேட்டதும் என் கையை இறுக்கிப் பிடித்தாள். பிறகு நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்: "அம்மா, நான் கொஞ்ச நேரம் பாத்துட்டு வாரேன்." ஒரு வருஷத்தில் அவள் வளர்ந்த வளர்ச்சி எனக்கு அந்த ஒரு வாக்கியத்தில் தெரிந்தது. தூண் ஓரமாக இருவரும் நின்றோம். கால் மணி நேரம் கழித்து அவளே என் கையை விட்டுவிட்டுப் பிள்ளைகள் கூட்டத்துக்குள் ஓடினாள்.

எங்கள் வீட்டுக்கு வருகிற சித்தி, மாமா, அத்தை எல்லோரிடமும் நான் கேட்பது ஒன்றுதான். வந்ததும் அவளைத் தூக்காதீர்கள், "மாமாவுக்கு ஒரு பாட்டுப் பாடு" என்று சொல்லாதீர்கள். உட்கார்ந்து காபி குடியுங்கள். டம்ளர் காலியாவதற்குள் அவளே செருப்புகளோடு உங்களிடம் வருவாள்.