இரண்டாவது இணைப்பு இருந்தும் கடை ஏன் நிற்கிறது?

ஓரளவு வியாபாரம் நடக்கும் கடைகள் பலவற்றில் இன்று இரண்டு இன்டர்நெட் இணைப்புகள் இருக்கின்றன. ஒன்று ஃபைபர். மற்றது, அது அறுந்தால் கைகொடுக்கட்டும் என்று எடுத்த 4ஜி சிம் இணைப்பு. இரண்டுக்கும் மாதம் தவறாமல் பில் கட்டுகிறோம். ஆனால் ஃபைபர் நின்றுபோன நாளில் பில் போடும் கணினி சுற்றிக்கொண்டே இருக்கிறது. தலைமைக் கடையின் கையிருப்பு தெரிவதில்லை. வாடிக்கையாளர் எடுத்த சாமானை மேசையிலேயே வைத்துவிட்டுப் போய்விடுகிறார். யாராவது வந்து வயரைக் கழற்றி மாட்டிய பிறகுதான் இரண்டாவது இணைப்பு வேலை செய்கிறது. பெருநாள் சீசனில் ஒரு மாலை நேரம் இப்படி நின்றால் நட்டம் எவ்வளவு என்பதை வியாபாரிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இப்படியான நேரத்தில் நாம் இணைப்புக் கம்பனியைத்தான் திட்டுகிறோம். ஃபைபர் நின்றது அவர்கள் பக்கத்துக் குறையாக இருக்கலாம். ஆனால் கையில் இருந்த இரண்டாவது இணைப்பு வேலைக்கு வராமல் போனது எமது ரவுட்டரில் உள்ள குறை. முதல் வழி மூடிவிட்டது என்பதை அந்த ரவுட்டர் எப்படி அறிந்துகொள்ளும் என்று, அதைப் பொருத்திய நாளில் யாரும் கேட்கவில்லை.

ரவுட்டர் வழியைத் தெரிவு செய்யும் விதம்

கொழும்பிலிருந்து கண்டிக்குச் சரக்கு அனுப்புகிறோம் என்று வைத்துக்கொள்வோம். வழமையான பாதை கடுகண்ணாவை ஊடாக. அது மூடியிருந்தால் அம்பேபுஸ்ஸவில் திரும்பி குருணாகல் வழியாகப் போகலாம். லொறிச் சாரதி கடை வாசலில் நின்று எதிரே உள்ள தெருவைப் பார்த்து, "பாதை நன்றாகத்தானே இருக்கிறது" என்று புறப்பட்டால் கடுகண்ணாவை மண்சரிவில் போய்த்தான் நிற்பார். ரவுட்டரும் அப்படிப்பட்ட சாரதிதான்.

ரவுட்டரில் இரண்டு நிலையான வழிகளை எழுதி வைக்கிறோம். ஸ்டட்டிக் ரூட் என்பது இதுதான். ஒவ்வொன்றுக்கும் டிஸ்டன்ஸ் என்று ஓர் எண் உண்டு. எண் குறைந்த வழிக்கே முதலிடம். ஃபைபருக்கு 1, சிம் இணைப்புக்கு 10 என்று கொடுத்தால், ஃபைபர் வழி பட்டியலில் இருக்கும்வரை ரவுட்டர் மற்றதைத் திரும்பியும் பார்க்காது. ஃபைபர் வழி எப்போது பட்டியலிலிருந்து நீங்கும்? சாதாரண அமைப்பில், ரவுட்டரில் செருகியுள்ள வயர் உயிரற்றுப் போனால் மாத்திரமே.

அந்த வயர் எங்கே போகிறது என்று பாருங்கள். உங்கள் கடைச் சுவரில் கம்பனிக்காரர் பொருத்திய ஃபைபர் பெட்டிக்குத்தான் போகிறது. தெருவில் ஃபைபர் அறுந்தாலும் பெட்டிக்கு மின்சாரம் இருக்கும், வயரின் விளக்கும் எரியும். ரவுட்டர் எல்லாம் சரி என்று எண்ணிக்கொண்டு, உங்கள் பில் விபரங்களை அறுந்த பாதையிலேயே அனுப்பிக்கொண்டிருக்கும்.

இதற்காகவே இணைப்புக் கண்காணிப்பு என்ற வசதி இருக்கிறது. தூரத்தில் உள்ள ஒரு முகவரிக்கு ரவுட்டர் சில செக்கன்களுக்கு ஒருமுறை பிங் அனுப்பிப் பார்க்கும். பதில் வராவிட்டால் அந்த வழியைத் தானே நீக்கிவிடும். உடனே இரண்டாவது வழி முன்னுக்கு வரும். பதில் மீண்டும் வந்தால் பழைய வழிக்கே திரும்பும். கேட்க எளிதாக இருக்கிறது. இதிலும் பிழைகள் நேர்கின்றன.

எங்கே பிழைக்கிறது?

முதலாவது, கண்காணிப்பு ஓடும், ஆனால் வழியோடு பிணைக்கப்பட்டிருக்காது. சிஸ்கோ ரவுட்டர்களில் பிங் அனுப்பும் வேலை ஒன்று, அதன் முடிவைக் கவனிக்கும் டிராக் என்பது இன்னொன்று, அந்த டிராக் எண்ணை ஸ்டட்டிக் ரூட்டோடு சேர்ப்பது மூன்றாவது. மூன்றாவதை மறந்தால் பிங் தோற்றுக்கொண்டே இருக்கும், வழி மட்டும் அசையாது. காவலாளி விசில் ஊதுகிறார், கேட்டைப் பூட்டுபவர் இல்லை என்ற கதைதான்.

இரண்டாவது, மிக அருகில் உள்ள முகவரியைக் கண்காணிப்பது. மைக்ரோடிக் ரவுட்டரில் 'செக் கேட்வே' என்ற வசதி அடுத்த படியில் உள்ள கருவியை மாத்திரமே சோதிக்கும். அந்தக் கருவி 192.168.1.1 போன்ற முகவரியுடன் உங்கள் சுவரில் இருக்கும் பெட்டியாக இருந்தால், நாடு முழுவதும் இன்டர்நெட் நின்றாலும் அது பதில் சொல்லிக்கொண்டே இருக்கும். கண்காணிக்க வேண்டியது கம்பனியின் எல்லைக்கு அப்பால் உள்ள முகவரியை.

மூன்றாவது, ஒரே ஒரு முகவரியை நம்புவது. பலரும் கூகுளின் 8.8.8.8 ஐப் போடுகிறார்கள். அது ஒரு நாள் பதில் தராவிட்டால் நல்ல ஃபைபரை ரவுட்டர் கைவிட்டுவிடும். கிளவுட்ஃபிளேயரின் 1.1.1.1 போன்று வேறொரு நிறுவனத்தின் முகவரியையும் சேர்த்து, இரண்டும் தோற்றால் மாத்திரமே வழியை மாற்று என்று எழுத வேண்டும்.

நான்காவது, சோதனை தவறான வழியில் போவது. ஃபைபர் நின்று சிம்முக்கு மாறியவுடன், சோதனைப் பிங்கும் சிம் வழியாகவே போய் வெற்றி பெறும். ஃபைபர் சுகமாகிவிட்டது என்று எண்ணி ரவுட்டர் திரும்பும். உடனே மீண்டும் தோற்கும். கடையில் இணைப்பு வருவதும் போவதுமாக இருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். சோதனை முகவரிக்கு மட்டும் ஃபைபர் வழியாகவே போக வேண்டும் என்று தனி வழி எழுதினால் தீரும். ஆனால் அதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. அப்படிக் கட்டிப்போட்ட முகவரியையே கடைக் கணினிகளின் டிஎன்எஸ் ஆகவும் வைத்திருந்தால், ஃபைபர் நின்ற நேரத்தில் அந்த முகவரியை அடையவே முடியாது. இணைப்பு மாறியிருக்கும், எந்தத் தளமும் திறக்காது. சோதனைக்கு ஒரு முகவரி, டிஎன்எஸ்ஸுக்கு வேறொன்று என்று பிரித்து வைக்க வேண்டும்.

ஐந்தாவது, கால அளவு. சிஸ்கோவில் நாம் மாற்றாவிட்டால் சோதனை 60 செக்கனுக்கு ஒருமுறைதான் நடக்கும். வரிசையில் வாடிக்கையாளர் நிற்கும்போது ஒரு நிமிடம் நீண்ட நேரம். அதற்காக ஒரு பிங் தவறியவுடனேயே மாறச் சொன்னால் நாள் முழுக்க மாறிக்கொண்டே இருக்கும். 5 அல்லது 10 செக்கனுக்கு ஒரு சோதனை, தொடர்ந்து மூன்று தோற்றால் மாற்றம், ஃபைபர் இரண்டு மூன்று நிமிடம் நிலையாக இருந்த பின்னரே திரும்புதல் என்பது சிறிய கடைக்குப் போதும்.

வழி மாறியும் வேலை நடக்காவிட்டால்

சில இடங்களில் வழி சரியாகவே மாறும், கடை மட்டும் நிற்கும். அப்போது பார்க்க வேண்டியவை வேறு. சிம் பக்கத்துக்கு முகவரி மாற்றும் நெட் விதியும் ஃபயர்வோல் அனுமதியும் எழுதப்பட்டுள்ளனவா? டிஎன்எஸ் முதல் கம்பனியுடையதாக இருந்து, மற்றக் கம்பனியின் பக்கமிருந்து வரும் கேள்விக்குப் பதில் தர மறுக்கிறதா? தலைமைக் கடையின் விபிஎன், ஃபைபரின் நிலையான முகவரியை மட்டும் ஏற்கும்படி உள்ளதா? மாற்றத்துக்கு முன் திறந்த பழைய தொடர்புகள் செத்த வழியிலேயே தொங்குகின்றனவா? அப்படியானால் பில் மென்பொருளை மூடித் திறந்தால் பெரும்பாலும் சரியாகும். கடைசியாக, மாதக் கணக்காகப் பாவிக்காத சிம்மில் டேட்டா மிச்சம் இருக்கிறதா? தனியான சிம் போட்ட கார்ட் மெஷின் இந்த ரவுட்டரை நம்பியில்லை என்பதால் அதைத் தனியாகவே பார்க்க வேண்டும்.

இரண்டுக்கும் வேர் ஒன்றானால்

இரண்டு இணைப்பும் ஒரே கம்பனியுடையதானால் ரவுட்டரை எவ்வளவு திருத்தியும் பயன் குறைவு. 2022 ஜூலை 8ஆம் திகதி கனடாவில் ரொஜர்ஸ் கம்பனியின் வலையமைப்பு நாடு முழுவதும் விழுந்தது. பராமரிப்பு வேலையில் ரவுட்டர் அமைப்பில் செய்த ஒரு மாற்றமே காரணம். 1 கோடி 20 இலட்சத்துக்கு மேற்பட்ட வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டனர். நாட்டின் டெபிட் கார்ட் கொடுப்பனவை நடத்தும் இன்டராக் நிறுவனத்தின் சேவையும் அதனுடன் நின்றது. அதன் பிறகே இன்னொரு கம்பனியின் இணைப்பையும் சேர்ப்பதாக இன்டராக் அறிவித்தது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அன்றுதான் பாடம் கிடைத்தது.

மின்சாரமும் அவ்வாறே. 2022 மார்ச் இறுதியில் எமது நாட்டில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டதை வியாபாரிகள் மறந்திருக்க மாட்டார்கள். கணினிக்கு யூபிஎஸ் போட்டவர்கள் ஃபைபர் பெட்டியையும் ரவுட்டரையும் சாதாரண பிளக்கிலேயே விட்டிருந்தால், கணினி எரியும், இன்டர்நெட் இருக்காது. மூன்றும் ஒரே யூபிஎஸ்ஸில் இருக்க வேண்டும்.

சோதித்துப் பார்க்கும் முறை

பொருத்த வருபவர்கள் பலர் ரவுட்டரிலிருந்து ஃபைபர் பக்கத்து வயரைக் கழற்றி, "பாருங்கள், மாறிவிட்டது" என்று காட்டுவார்கள். பெட்டியின் மின்சாரத்தை நிறுத்திக் காட்டினாலும் அதே கதைதான். வயர் உயிரற்றுப் போவதால் கண்காணிப்பே இல்லாத ரவுட்டரும் மாறிவிடும். உண்மையான சோதனை என்றால் ரவுட்டர் வயரும் பெட்டியின் மின்சாரமும் அப்படியே இருக்க, வெளியிலிருந்து பெட்டிக்கு வரும் ஃபைபரை மட்டும் கழற்ற வேண்டும். அதன் நுனி தூசு படவோ மடங்கவோ கூடாது என்பதால் தெரிந்த ஆளைக் கொண்டே செய்விக்கவும்.

கழற்றிய நேரத்தைக் குறித்துக்கொண்டு ஒரு பில் போடுங்கள், தலைமைக் கடையின் கையிருப்பைத் திறந்து பாருங்கள், எத்தனை செக்கனில் வந்தது என்று எழுதுங்கள். பின்னர் மாட்டிவிட்டு, தானாகத் திரும்புகிறதா என்றும் பாருங்கள். மாதத்தில் ஒரு நாள் கடை திறக்க முன்னர் செய்தால் கால் மணித்தியாலம் போதும்.

வேலை முடித்து பில் நீட்டும் தொழில்நுட்பவியலாளரிடம் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். இந்த ரவுட்டர் எந்த முகவரியைப் பார்த்து ஃபைபர் நின்றதை அறிகிறது? வெளி ஃபைபரைக் கழற்றி எனக்கு முன்னால் காட்டுவீர்களா? இரண்டுக்கும் பதில் கிடைத்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.