அரபு மொழியைச் செவிவழியே பயிலல்

நம் இறையியற் கல்லூரிகளில் எபிரெயம் பயின்றோரிற் பெரும்பாலோர் அதைக் கண்ணால் பயின்றவர்கள். கரும்பலகையில் எழுதப்பட்ட வினைத்திரிபு வாய்பாடுகளை ஏட்டில் படியெடுத்தோம், தேர்வுக்கு மனனஞ்செய்தோம், தேர்வு முடிந்தபின் ஒரு சங்கீதத்தைத் தடையின்றி வாய்விட்டுப் படிக்க இயலாதவரானோம். இதை எழுதுகிறவனும் அவ்வரிசையில் ஒருவனே. ஐம்பது வயதைக் கடந்தபின் அரபு மொழியைத் தொடக்கத்திலிருந்து கற்க முற்பட்டபோது பழைய முறையையே கைக்கொண்டேன்; ஆறு திங்கள் வீணாயின. அவை வீணான காரணத்தையும், பின்னர் பாடநூலையும் ஒலி, காட்சிப் பதிவுகளையும் எங்ஙனம் இணைத்துப் பயன்படுத்தினேன் என்பதையும், இம்முயற்சியில் இறங்க எண்ணும் ஆயருக்கும் மாணாக்கருக்கும் எடுத்துரைக்க விரும்புகிறேன்.

அரபு எழுத்துக்கள் 28. அவை வலமிருந்து இடமாகச் செல்லும். சொல்லின் முதல், இடை, கடை ஆகிய இடங்களில் வடிவம் மாறும். ஆறு எழுத்துக்கள் தமக்குப் பின்வரும் எழுத்தோடு இணைவதில்லை. எபிரெயம் அறிந்தவருக்கு இவற்றுள் பெரிய இடர் யாதுமில்லை. இரண்டு, மூன்று வாரங்களில் கை பழகிவிடும். இடர் முழுவதும் ஒலியில் உள்ளது; அதிலும் தமிழருக்கு உள்ள இடர் தனித்தன்மை வாய்ந்தது. நம் மொழியில் ‘த’ ஒன்றே. அரபியில் அவ்விடத்தில் மெல்லிய ‘தா’, நாவின் பின்புறத்தை உயர்த்திக் கனமாக ஒலிக்கும் ‘தா’, அதிர்வொலியான ‘தால்’ எனத் தனித்தனி எழுத்துக்கள் நிற்கின்றன. நான் சொற்களைக் குறிப்பேட்டில் தமிழெழுத்தில் எழுதி மனப்பாடம் செய்துவந்தேன். அத்திப்பழம் என்பதற்குத் ‘தீன்’ என்று எழுதினேன். களிமண் என்பதற்கும் ‘தீன்’ என்று எழுதினேன். மார்க்கம், நியாயத்தீர்ப்பு என்னும் பொருள்களை உடைய சொல்லுக்கும் ‘தீன்’ என்றே எழுதினேன். அரபியில் இவை மூன்றும் வெவ்வேறு எழுத்தில் தொடங்கும் மூன்று சொற்கள். என் ஏட்டில் அத்தியும் களிமண்ணும் மார்க்கமும் ஒன்றாயின.

இப்பிழையை நான் கண்டுபிடித்தது நூலினால் அன்று. ஒருநாள், 51ஆம் சங்கீதத்தில் சுத்த இருதயத்துக்காக மன்றாடும் பகுதியை அரபுத் திருமறையிலிருந்து படித்து, என் குரலைக் கைப்பேசியில் பதிவு செய்து, பயிற்சி பெற்ற ஒருவரின் ஒலிப்பதிவோடு ஒப்பிட்டுக் கேட்டேன். இருதயத்தைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்து ‘காஃப்’ எனப்படுவது. அது உள்நாக்கின் அருகே பிறப்பது. நான் அதை நம் ககரமாக ஒலித்திருந்தேன். அவ்வாறு ஒலித்தால் அச்சொல் நாய் என்று பொருள்படும். இருதயத்தைக் கேட்டு மன்றாட வேண்டிய இடத்தில் நான் நாயைக் கேட்டு மன்றாடியிருந்தேன். அன்று மாலையே அந்தக் குறிப்பேட்டை ஒதுக்கி வைத்தேன். அரபுச் சொல்லைத் தமிழெழுத்தில் எழுதிப் பயிலவே கூடாது என்பது தொடக்க நிலையினருக்கு நான் சொல்லத்தக்க முதல் எச்சரிக்கை. (இக்கட்டுரையில் அதையே செய்கிறேன், அச்சின் கட்டாயம்.)

பாடநூல்களைப் பொறுத்தவரை இரண்டினைக் குறிப்பிடுகிறேன். ஒன்று, மதீனா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் அரபு பேசாத நாட்டு மாணாக்கருக்காக எழுதப்பட்ட மூன்று பாகங்கள் கொண்ட இலக்கண நூல். அதன் ஆசிரியர் டாக்டர் வி. அப்துர் ரஹீம் அவர்கள் 1933இல் வாணியம்பாடியில் பிறந்தவர். நெடுங்காலம் மதீனாவில் கற்பித்து 2023இல் மறைந்தவர். உலகெங்கும் அரபு கற்போர் கையிலுள்ள நூல் ஒன்று நம் பாலாற்றங்கரையில் பிறந்தவரால் ஆக்கப்பட்டது என்பதை நம்மில் பலர் அறியோம். ‘இது வீடு’ என்ற இரு சொல் வாக்கியத்தில் தொடங்கி, ஒரு பாடத்துக்கு ஒரு விதி என்ற அளவில் அது நகரும். பெயர்ச்சொல்லின் ஈற்று உயிர்க்குறிகளை முதற்பாடத்திலிருந்தே விடாது கற்பிக்கும். அவரே வகுப்பறையில் நின்று இந்நூலை நடத்திய காணொளிகளும் கிடைக்கின்றன. பிந்திய பாகங்களில் எடுத்துக்காட்டுகள் பெரிதும் குர்ஆனிலிருந்தும் நபிமொழிகளிலிருந்தும் வருவன. இறையியல் மாணாக்கர் அதனை இடையூறாகக் கருதாது, அம்மொழியின் இலக்கணம் எந்த நூலைச் சூழ்ந்து வளர்ந்தது என்பதை அறிய வாய்ப்பாகக் கொள்ளலாம்.

மற்றொன்று, அமெரிக்காவில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகப் பதிப்பகம் 1995 முதல் வெளியிட்டுவரும் வரிசை. கிறிஸ்டன் பிரஸ்டாட், மஹ்மூத் அல்-பதல், அப்பாஸ் அல்-துன்ஸி ஆகிய மூவர் இயற்றியது. எழுத்தையும் ஒலியையும் மட்டும் கற்பிக்கும் ‘அலிஃப் பா’ என்ற முன்னூலும், அதனைத் தொடரும் ‘அல்-கிதாப்’ என்ற நூலும் இவ்வரிசையிலுள்ளன. ஒலி, காட்சிப் பதிவுகள் இங்கே நூலின் பிற்சேர்க்கை அல்ல. அவையின்றி நூலே நடவாது. நியூயார்க்கில் வாழும் மஹா என்னும் பெண், கெய்ரோவிலுள்ள அவள் உறவினன் காலித் ஆகியோரின் கதையைத் துண்டு துண்டாகக் காட்டி மொழியைப் புகட்டுகிறார்கள். மஹாவின் தந்தை ஐக்கிய நாடுகள் சபையில் பணிபுரிபவர். ஆதலால் மேசை, நாற்காலி என்பவற்றுக்கு முன்பே மாணாக்கன் ‘ஐக்கிய நாடுகள்’ என்று சொல்லக் கற்றுவிடுகிறான். இதனை நகைப்போர் பலர். எனினும் செவியைப் பழக்குவதில் இதற்கு இணையானதை நான் காணவில்லை. ஒலிக்கு ‘அலிஃப் பா’, இலக்கணத்துக்கு மதீனா நூல், கேட்டுணர்தலுக்கு மஹாவின் கதை என்று வகுத்துக்கொண்டேன். ஒன்றையே பற்றி நிற்பதே நலம் என்று சொல்லும் ஆசிரியர்களும் உளர். இளைஞருக்கு அது பொருந்தலாம்.

பதிவைப் பயன்படுத்தும் முறை குறித்து ஒன்று சொல்ல வேண்டும். காட்சியைக் கண்டுகொண்டிருப்பது கற்பதாகாது. படத்தில் பேசுபவரின் முகக்குறிப்பு பொருளை உணர்த்திவிடுவதால், மொழி விளங்கிற்று என்ற மயக்கம் உண்டாகிறது. நான் காட்சியை மறைத்து, நூலையும் மூடி, ஒரு வாக்கியத்தை நான்கு ஐந்து முறை கேட்பேன்; கேட்டதை எழுதுவேன்; பிறகே நூலைத் திறந்து திருத்துவேன்; இறுதியில் என் குரலைப் பதிவு செய்து கேட்பேன். ஒரு வாக்கியத்துக்குச் சில வேளை அரைமணி நேரம் சென்றதுண்டு. நாள்தோறும் அதிகாலை நாற்பது நிமிடம். அதற்கு மேல் என் வயது இடந்தரவில்லை.

ஆயினும் பதிவு நம் பிழையைச் சுட்டாது. தன் பிழையைக் கேட்க இயலாத செவிக்கு மனிதர் ஒருவர் வேண்டும். எங்கள் ஊர் மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் ஆலிம் ஒருவரை அணுகினேன். “எதற்காகப் படிக்கிறீர்கள், பாஸ்டர் ஐயா?” என்று வினவினார். “எபிரெயத்துக்கு உதவும் ஹஜ்ரத்” என்றேன். அது பாதி உண்மை. சில ஆண்டுகளுக்கு முன் என் சபையார் கையில் கிடைத்த ஒரு துண்டறிக்கைக்கு விடை எழுத வேண்டும், அதற்கு மூலமொழியை மேற்கோள் காட்ட வேண்டும் என்ற விருப்பமே என்னை இதில் தள்ளியது. அவர் வேறொன்றும் கேட்கவில்லை. ‘தீன்’ மூன்றையும் சொல்லச் சொன்னார்; சொன்னேன். மூன்றும் ஒன்றாகவே இருந்தன. மறுநாள் முதல் மாலைத் தொழுகைக்குப் பின் பத்து நிமிடம் எனக்காக ஒதுக்கினார். மதரஸாச் சிறுவர்கள் சன்னல் வழியே எட்டிப் பார்த்து நகைத்தார்கள்.

சகோதர மொழியினால் எபிரெயத்துக்கு விளைந்த பயன் நான் சொன்ன அளவுக்கேனும் உண்மைதான். காசா, கொமோரா என்னும் பெயர்கள் எபிரெயத்தில் ‘அயின்’ என்ற எழுத்தில் தொடங்குகின்றன; அவ்வாறாயின் நம் வேதத்தில் முதலில் நிற்கும் ககரம் எங்கிருந்து வந்தது என்று மாணாக்கனாயிருந்தபோது விளங்கவில்லை. அரபு அந்நகரை இன்றும் ‘ஃகஸ்ஸா’ எனத் தொண்டையொலியோடு வழங்குகிறது. அரபியில் ‘அயின்’, ‘ஃகயின்’ என இரண்டாக உள்ளவை எபிரெய எழுத்தில் ஒன்றாயின. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பாளர் அவ்வொலியைக் கேட்டுக் ‘காமா’ எழுத்தால் குறித்தனர். அதுவே நம்மிடம் வந்தது. கண்ணால் கற்ற எபிரெயத்தில் இவ்வேறுபாடு புலப்படுவதில்லை. கருப்பை, இரக்கம் என்னும் இரண்டும் ஒரே மூவெழுத்து வேரில் பிறப்பதையும் இரு மொழிகளிலும் காணலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பிரசங்க மேடையில் அரபு வேர்களைக் கொண்டு எபிரெயச் சொற்களுக்குப் புதுப்பொருள் கூறும் ஆசை எளிதில் பற்றும். ஜேம்ஸ் பார் 1961இலும் 1968இலும் வெளியிட்ட நூல்களில் இப்போக்கைக் கடுமையாக ஆராய்ந்தார். ஓர் எடுத்துக்காட்டே போதும்: பெத்லகேம் எபிரெயத்தில் அப்பத்தின் வீடு, அரபு செவிக்கு அதே பெயர் இறைச்சியின் வீடு. வேர் ஒன்று, பொருள் இரண்டு.

ஹஜ்ரத் அவர்களுக்கு ஒருநாள் மஹாவின் கதையைக் காட்டினேன். இலக்கிய அரபியில் அமைந்த பகுதியை எனக்கு வரிவரியாக விளக்கினார். கெய்ரோப் பேச்சு வழக்கில் அமைந்த பகுதி வந்ததும் நிறுத்தச் சொன்னார், மீண்டும் போடச் சொன்னார், பிறகு சிரித்தார். ‘விரும்புகிறேன்’ என்பது எழுத்து வழக்கில் ‘உரீது’, எகிப்தில் ‘ஆயிஸ்’, தமஸ்குவில் ‘பித்தி’. எழுத்திலும் பேச்சிலும் இரு வழக்கு உடைய தமிழருக்கு இது புதிதன்று. ஆனால் அரபியில் இடைவெளி பெரிது. நான் மாதக்கணக்கில் உழைத்துப் பெற்ற ‘காஃப்’ எழுத்தைக் கெய்ரோவிலும் தமஸ்குவிலும் பேச்சில் தொண்டையிலேயே விழுங்கிவிடுகிறார்கள். அந்த மாலையில் நாங்கள் இருவரும் ஒரே பலகையில் அமர்ந்த மாணாக்கரானோம். வாணியம்பாடி ஆசிரியரைப் பற்றி அவர் பெருமிதத்தோடு கூறியதும் அன்றுதான்.

1865இல் பெய்ரூத்தில் நிறைவுற்ற அரபுத் திருமறையைப் பற்றி நான் அவருக்குச் சொன்னேன். எலி ஸ்மித் தொடங்கி, அவர் 1857இல் மறைந்தபின் கொர்னேலியுஸ் வான் டைக் முடித்த அப்பணியில், புத்ருஸ் அல்-புஸ்தானி, நாசிஃப் அல்-யாசிஜி ஆகிய கிறிஸ்தவப் புலவர்களோடு, யூசுஃப் அல்-அசீர் என்னும் முஸ்லிம் அறிஞரும் மொழிநடைக்குத் துணைநின்றார். அதைக் கேட்டபின்தான், துண்டறிக்கைக்கு விடை எழுதவே இதைத் தொடங்கினேன் என்ற மறுபாதியையும் அவரிடம் சொல்லத் துணிந்தேன். சற்று நேரம் பேசாதிருந்தார். “அதை எழுதினீர்களா?” என்றார். எழுதவில்லை என்றேன். “எழுதினால் எனக்குக் காட்டுங்கள், ஈற்று உயிர்க்குறி பிழையில்லாமல் பார்த்துத் தருகிறேன்” என்றார். அந்த விடையை இன்றுவரை எழுதவில்லை. எழுத வேண்டியது என்ன என்பதே இப்பொழுது எனக்குத் தெளிவாக இல்லை.

எஞ்சியிருப்பது ‘ளாத்’ என்னும் எழுத்து. அரபியர் தம் மொழியையே ‘ளாதின் மொழி’ என்று அழைக்கும் அளவுக்கு அதனைத் தமக்குரியதாகக் கருதுகின்றனர். அது நம்மிடம் இரு வழியில் வந்து சேர்ந்தது. பாரசீகத்தின் வழியாக வந்த நீதிமன்ற, அலுவலகச் சொற்களில் அது ஜகரமாயிற்று: ஆஜர், ஜாமீன், ஜப்தி, ஜில்லா, மாஜி. அரபியை நேரே ஓதிய தமிழ் முஸ்லிம்கள் அதை ளகரமாக்கினர். ரம்ஜான் என்பதும் ரமளான் என்பதும் இவ்வேறுபாடே. இரண்டும் அந்த ஒலி அன்று. ‘ஹஜ்ரத்’ என்ற சொல்லிலும் நடுவில் நிற்பது அவ்வெழுத்துத்தான் என்பதை இரண்டாம் பாகத்தை நடத்துகையில் அவரே சொன்னார். ஓராண்டாக அவர் முன்னிலையில் அவரைப் பிழையாக அழைத்துவந்திருக்கிறேன். திருத்திச் சொல்ல முயன்றேன், வரவில்லை. பழையபடியே அழைக்குமாறு சொல்லிவிட்டு, அடுத்த பாடத்தைத் திறந்தார்.